வேலை முடியாத வீட்டில் குடியிருப்பது எப்படி?

மதுரையில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. நாலு மாதத்தில் முடியும் என்று தொடங்கிய வீட்டு வேலை 11 மாதம் ஆகியும் முடியவில்லை. வாடகை வீட்டுக்குப் போகக் கையில் பணம் இல்லை. சமையலறையை இடித்துப் போட்டிருக்கிறார்கள், ஹாலில் புதுத் தளத்தைத் தாங்கும் சென்ட்ரிங் முட்டு நிற்கிறது, இரண்டு பாத்ரூமில் ஒன்றுதான் புழக்கத்தில் இருக்கிறது, எங்கே கை வைத்தாலும் தூசி. மாமியாருக்கு 74 வயது, மகன் பத்தாம் வகுப்பு. மேஸ்திரி நினைத்தால் வருகிறார். இதற்கு நடுவில் அன்றாடத்தை எப்படி ஓட்டுவது என்று கேட்கிறார்.

நான் 31 வருடம் சைட் இன்ஜினியராக இருந்தவன். ஆட்கள் குடியிருக்கும்போதே வேலை நடந்த வீடுகள் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் கஷ்டம் என்னவென்று எனக்குப் புரிந்தது கும்பகோணத்தில் எங்கள் பழைய வீட்டைப் பிரித்து வேலை செய்த 17 மாதங்களில்தான். அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், எல்லோரும் அதே வீட்டில்தான் இருந்தோம். அதுவரை வீட்டுக்காரர்களிடம் "கொஞ்ச நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்று சொல்லி வந்தேன். அதற்குப் பிறகு அந்த வார்த்தையை யாரிடமும் சொன்னதில்லை.

முதலில் ஒன்று. வேலை எப்போது முடியும் என்று மேஸ்திரியிடம் கேட்பதை விடுங்கள். அவர் சொல்லும் தேதி உங்களைச் சமாதானப்படுத்தச் சொல்வது. அதை நம்பி நாள் எண்ணினால், அந்தத் தேதி தாண்டும்போதெல்லாம் மனம் உடையும். அதற்குப் பதிலாக, எந்த வேலையில் கை வைப்பதற்கு முன்பும் வேறொரு கேள்வியைக் கேளுங்கள்: இது பாதியில் நின்றுபோனால், மூன்று மாதம் இப்படியே குடியிருக்க முடியுமா? முடியும் என்றால் ஆரம்பிக்கலாம். முடியாது என்றால் அந்த வேலையை இன்னும் சிறிய துண்டாக்க வேண்டும். உதாரணத்துக்கு, ஓடிக்கொண்டிருக்கும் அந்த ஒரு பாத்ரூமை இடிக்க யார் வந்தாலும் விடாதீர்கள். இன்னொன்றில் டைல்ஸ் ஒட்டி, குழாய் மாட்டி, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, நீங்கள் ஒரு வாரம் அதில் குளித்துப் பார்த்த பிறகுதான் இதைத் தொட விட வேண்டும். "ரெண்டையும் சேர்த்து இடிச்சா ரப்பீஸ் ஒரே வண்டியில் போயிடும், செலவு மிச்சம்" என்பார்கள். மிச்சமாகும் தொகைக்கும் அதனால் வரும் அவதிக்கும் சம்பந்தமே இல்லை.

ஏன் இப்படி இழுக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பழியையும் ஆள் மேல் போட முடியாது. புது வீடு கட்டும்போது எதுவும் மறைந்திருப்பதில்லை. பழைய வீட்டில் ஒன்றைப் பிரித்தால்தான் அடுத்தது தெரியும். எங்கள் வீடு மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன் மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் சாய்வாக அடுக்கி, அதற்கு மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் சேர்த்து இடித்த தளம், கடைசியில் தட்டோடு என்னும் தட்டை ஓடு. ஒழுகுகிறதே என்று தட்டோட்டை மட்டும் மாற்றப் போனோம். எடுத்துப் பார்த்தால் ஜல்லித் தளம் ஊறிக் கிடந்தது. அதைப் பெயர்த்தால் சுவருக்குள் இருந்த கட்டை முனைகள் உளுத்திருந்தன. நான்கு கட்டை என்று நினைத்தது ஒன்பது ஆனது. அந்த அளவுக்குப் பழைய தேக்கு தேடி அலைந்ததில் மட்டும் ஆறு வாரம் போனது. கான்கிரீட் வீடுகளிலும் இதே கதைதான். கூரையில் லேசாகப் பூச்சு உப்பியிருக்கிறது என்று தட்டிப் பார்த்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து உரிந்து கிடக்கும். பாத்ரூம் டைல்ஸை எடுத்தால் அடியில் இரும்புக் குழாய் அரித்துப் போயிருக்கும். அதைப் பார்த்த பிறகு மூடிவிட்டுப் போக முடியாது, போகவும் கூடாது.

இதோடு காலண்டரும் சேர்ந்துகொள்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, வெளிப்பூச்சும் மாடி வேலையும் நடக்காது. ஆடியில் புது வேலை தொடங்க மாட்டோம் என்பவர்கள் உண்டு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போனவர்கள் திரும்ப ஒரு வாரம், பத்து நாள். உங்கள் ஊரில் சித்திரைத் திருவிழா வேறு. இதையெல்லாம் கழித்துவிட்டு எண்ணினால்தான் உண்மையான வேலை நாள் தெரியும்.

சரி, இப்போது வீட்டுக்குள் வருவோம்.

ஒரு அறையை முழுதாக முடித்துவிடுங்கள். இது மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். வீடு முழுக்க எல்லா அறையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வேலை நடப்பது ஆட்களுக்கு வசதி. குடியிருப்பவர்களுக்கு அதைவிடக் கொடுமை கிடையாது. பாத்ரூமுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு அறையைத் தேர்ந்தெடுத்து, அதில் வயரிங், பூச்சு, தரை, கதவு எல்லாவற்றையும் முடித்து, அதற்குள் எந்த ஆளும் எந்தச் சாமானும் வரக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். பெயிண்ட் மட்டும் கடைசியில் அடித்துக்கொள்ளலாம். புதுப் பூச்சு நன்றாகக் காய நாலு வாரமாவது வேண்டும், அதற்கு முன் அடித்தால் உரிந்துதான் போகும். எங்கள் வீட்டில் அம்மா படுத்திருந்த அறை அப்படி இருந்தது. ஏழாவது மாதத்தில்தான் அந்த யோசனையே எனக்கு வந்தது. அதன் பிறகு சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லோரும் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம். சுத்தமான தரை, வெளுத்த படுக்கை விரிப்பு, ஒரு விளக்கு. ஒரு நாளில் இரண்டு மணி நேரம் அப்படி உட்கார இடம் இருந்தால் மீதி நாளைத் தாங்கிக்கொள்ள முடிந்தது.

சமையலுக்கு வருகிறேன். தற்காலிக அடுப்படியை எங்கே வைப்பது என்பதில் பலர் தப்பு செய்கிறார்கள். படுக்கையறை மூலையிலோ மாடிப்படிக்குக் கீழோ சிலிண்டரை வைத்துவிடுகிறார்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படிந்து நிற்கும். அதனால் பின்கட்டு, தாழ்வாரம், பால்கனி மாதிரி காற்று ஓடும் இடம்தான் சரி. சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் மேஜை மேல் இருக்க வேண்டும். வெல்டிங், கிரைண்டர் வேலை நடக்கும் பக்கம் சிலிண்டர் கூடவே கூடாது, வெற்றுச் சிலிண்டரும் சேர்த்துத்தான். கசிவு வாடை வந்தால் கூப்பிட 1906 என்ற எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பு நல்லதுதான். ஆனால் 2000 வாட் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில், அதுவும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினால் வயர் சூடேறி உருகும். 16 ஆம்பியர் பிளக் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அடுப்பு.

என்ன சமைப்பது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். மனைவி முதல் இரண்டு மாதம் எப்போதும் போல ரசம், குழம்பு, கூட்டு, பொரியல் என்று செய்து பார்த்தாள். பாத்திரம் தேய்க்க சிங்க் இல்லாமல் கிணற்றடியில் குனிந்து தேய்த்து இடுப்பு போய்விட்டது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை, ஆட்கள் வராத நாளில், புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி எல்லாம் செய்து வைத்துக்கொள்வது என்று ஆக்கினோம். வார நாட்களில் குக்கரில் சாதம், ஒரு காய், மோர். அவ்வளவுதான். மாவைத் தெருமுனைக் கடையில் வாங்கினோம். ஒரு ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர், அவரவர் கழுவிக்கொள்ள வேண்டும். என் பையன்கள் தட்டு கழுவக் கற்றுக்கொண்டது அப்போதுதான். உங்கள் மகனும் கழுவட்டும், அதனால் அவன் மதிப்பெண் குறையாது.

சிங்க்கைப் பற்றி ஒரு வார்த்தை. சமையலறை முடியும் வரை காத்திருக்க வேண்டாம். கழற்றிப் போட்ட பழைய சிங்க்கையே எடுத்து, வெளியே வாசிங் மெஷின் குழாய்க்குப் பக்கத்தில் இரும்பு ஸ்டாண்டில் வைத்து மாட்டச் சொல்லுங்கள். பிளம்பருக்கு ஒரு மணி நேர வேலை. அது இருந்தால் பாதிப் பாரம் குறையும்.

தூசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எல்லோரும் இதை வெறும் அழுக்காக நினைக்கிறார்கள். டைல்ஸ், கிரானைட் வெட்டும்போதும், பைப் போகச் சுவரை வெட்டும்போதும், கான்கிரீட்டை உடைக்கும்போதும் கிளம்புவது சிலிக்கா கலந்த தூசி. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலேயே தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசிதான் நுரையீரலின் அடி வரை போய்த் தங்குகிறது. வருடக்கணக்கில் அதைச் சுவாசிக்கும் தொழிலாளிகளுக்கு நுரையீரல் தழும்பேறிப் போகும் நோய் வருகிறது. என்னோடு வேலை பார்த்த கல் வெட்டும் ஆட்களில் சிலர் ஐம்பது வயதுக்குள் மாடிப்படி ஏற முடியாமல் போனதைப் பார்த்தவன் நான். அதனால் வெட்டுகிற ஆளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: வெட்டுவது வீட்டுக்கு வெளியே, தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்ட வேண்டும். கைக்குட்டையோ துணி மாஸ்க்கோ இந்தத் தூசியைத் தடுக்காது, என்-95 வேண்டும். ஒரு பெட்டி வாங்கி வைத்து ஆட்களுக்கும் கொடுங்கள்.

வீட்டுக்குள் தூசி பரவாமல் இருக்க, வேலை நடக்கும் அறையின் வாசலில் மேலிருந்து தரை வரை கனமான பாலித்தீன் ஷீட்டை டேப் போட்டு ஒட்டுங்கள். கீழே ஒரு பழைய நூல் புடவையை நனைத்துச் சுருட்டிப் போட்டால் அடியில் வரும் தூசி அதில் பிடித்துக்கொள்ளும். அந்த அறையின் வெளி ஜன்னல் திறந்திருக்க வேண்டும், வீட்டுக்குள் திறக்கும் கதவு மூடியிருக்க வேண்டும். சாயங்காலம் விளக்குமாற்றால் கூட்டாதீர்கள். கூட்டினால் படிந்த தூசி எழும்பி மறுபடி இரண்டு மணி நேரம் காற்றில் மிதக்கும். தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். வேலை நடக்கும் நேரத்தில் ஏ.சி. போடக் கூடாது, உள் யூனிட்டைப் பழைய போர்வையால் மூடிவிடுங்கள். சுவரை வழவழப்பாக்கப் பூசிய பட்டியைத் தேய்க்கும் நாள்தான் இருப்பதிலேயே மோசம், மாவு மாதிரி பறக்கும். அன்றைக்கு மட்டும் மாமியாரை உறவினர் வீட்டில் விட்டுவிடுவது நல்லது.

பழைய ஜன்னல், கிரில், கதவுகளின் பெயிண்டைச் சுரண்டப் போகிறார்களா? அப்படியானால் இதையும் கவனியுங்கள். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் தரையிலும் பாத்திரத்திலும் படியும். சிறு குழந்தைகளுக்கு அது மூளை வளர்ச்சியையே பாதிக்கும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், விழும் செதில்களைத் தாளில் பிடித்துக் கட்டி எடுத்துவிடுங்கள். மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் அதை அடித்து உடைக்க விடாதீர்கள். போல்ட்டைக் கழற்றி, நனைத்து, ஷீட்டை முழுதாக இறக்க வேண்டும்.

ஹாலில் நிற்கும் முட்டு எல்லோருக்கும் எரிச்சல் தருவது. ஆனால் அதை எடுக்கச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். இந்தியத் தர விதிப்படி சாதாரண சிமெண்ட்டில் போட்ட தளத்துக்கு, சுவருக்குச் சுவர் நாலரை மீட்டர், அதாவது ஏறக்குறைய 15 அடி வரை இருந்தால் குறைந்தது 7 நாள், அதற்கு மேல் என்றால் 14 நாள் முட்டு நிற்க வேண்டும். இப்போது கடைகளில் அதிகம் கிடைப்பது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட், அது பலம் பிடிக்கக் கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும். உங்கள் வீட்டில் முட்டு போட்டு எத்தனை நாள் ஆகிறது என்று எழுதவில்லை. நாள் கடந்துவிட்டிருந்தால் மேஸ்திரியைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லலாம், நீங்களாகத் தட்டி எடுக்க வேண்டாம். அதுவரை முட்டுகளில் தலை உயரத்தில் வெள்ளைத் துணி கட்டி வையுங்கள், இருட்டில் இடித்துக்கொள்ளாமல் இருக்கும்.

தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது நல்ல வழக்கம். பி.பி.சி. சிமெண்ட் என்றால் 10 நாளாவது ஈரம் காயக் கூடாது. ஆனால் டெங்கு கொசு முட்டையில் இருந்து வெளியே பறக்க நம் ஊர் வெயிலில் ஏழெட்டு நாள் போதும். தேங்கிய சுத்தமான தண்ணீர்தான் அதற்குப் பிடித்த இடம். அதனால் ஐந்தாம் நாள் பாத்தித் தண்ணீரை முழுதாகத் திறந்து விட்டு, அடியைத் தேய்த்து, புதுத் தண்ணீர் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் சாக்கைப் பரப்பி நனைத்துக்கொண்டே இருங்கள், அதுவும் போதும். டிரம், சிமெண்ட் கலக்கும் தொட்டி, பெயிண்ட் டப்பா எல்லாவற்றையும் சனிக்கிழமை சாயங்காலம் ஆட்கள் கிளம்பும் முன் கவிழ்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். வேலை நின்று கிடக்கும் வீடுகளில்தான் கொசு அதிகம், யாரும் மாடிக்குப் போய்ப் பார்ப்பதில்லை.

மின்சாரத்தில் சமரசம் வேண்டாம். சுவர் முழுக்க ஈரம், தரையில் தண்ணீர், தற்காலிக வயர் காலில் சிக்கிக்கொண்டு கிடக்கும். மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் மெயின் போர்டில் இல்லை என்றால் நாளைக்கே மாட்டச் சொல்லுங்கள். அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள், உடனே விழ வேண்டும். வயரை உரித்து நேராக பிளக்கில் செருகி மிஷின் ஓட்டும் பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. இரண்டு நல்ல பிளக் டாப்பை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். ஈரச் சிமெண்ட் தோலை அரிக்கும், பையனை வெறும் காலோடு அதில் மிதிக்க விடாதீர்கள்.

மேஸ்திரி விஷயம். மூன்று வீட்டில் ஒரே சமயத்தில் வேலை எடுத்துக்கொண்டு, எந்த வீட்டில் சத்தம் அதிகமோ அங்கே ஆளை அனுப்புவதுதான் அவர்களுடைய வழக்கம். சத்தம் போட்டுப் பயனில்லை, பணம் கொடுக்கும் முறையை மாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு மேஸ்திரி 60,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு ஐந்து வாரம் தலை காட்டவில்லை. 31 வருட அனுபவம் இருந்தும் என் வீடு என்றதும் இரக்கப்பட்டுக் கொடுத்துவிட்டேன். அடுத்து வந்தவரிடம் வேறு மாதிரி பேசினேன். ஒரு வாரக் கூலிக்கு மேல் முன்பணம் கிடையாது. மொத்த வேலைக்கு இத்தனை சதவீதம் என்று பிரிக்காமல், ஒரு அறை முழுதாக முடிந்தால் இவ்வளவு என்று எழுதிக்கொண்டோம். முடிந்தது என்றால் என்ன என்பதையும் எழுதினோம்: கதவு சாத்தித் தாழ் போட வேண்டும், விளக்கு எரிய வேண்டும், பாத்ரூம் என்றால் 24 மணி நேரம் தண்ணீர் நிறுத்திக் கீழே கசிவு இல்லை என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு தவணையிலும் நூற்றுக்கு பத்து ரூபாயைப் பிடித்து வைத்து, எல்லாம் முடிந்து இரண்டு மாதம் கழித்துக் கொடுத்தோம். அவர் முகம் சுளிக்கவில்லை. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கூலி கையில் தவறாமல் இருந்தது, அதுதான் அவருக்கு முக்கியம்.

ஆட்களை நன்றாக வைத்துக்கொள்ளுங்கள். 11 மணிக்கும் நாலு மணிக்கும் டீ, குடிக்கப் பானைத் தண்ணீர், அவர்களும் போக ஒரு கழிவறை. சித்தாள் வேலைக்கு வரும் பெண்கள் கழிவறைக்குப் போக இடமில்லாமல் தண்ணீரே குடிக்காமல் வெயிலில் வேலை செய்வார்கள். இதை நான் எத்தனையோ சைட்டில் பார்த்தும் பல வருடம் வாய் திறக்காமல் இருந்தேன், இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

டீ போட்டுக் கொடுப்பதும், கதவைத் திறந்து விடுவதும், காலையில் வந்து "அம்மா, இந்தக் குழாய் எந்தப் பக்கம்?" என்று கேட்பவருக்குப் பதில் சொல்வதும் முழுக்க வீட்டுப் பெண் தலையில்தான் விழுகிறது. கணவர் ஒன்பது மணிக்கு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார், சாயங்காலம் வந்து "இதை ஏன் இப்படி வைக்கச் சொன்னே?" என்று கேட்கிறார். இந்த ஒரு வாக்கியத்தால் எத்தனை வீட்டில் சண்டை வந்தது என்று எனக்குத் தெரியும், எங்கள் வீடு உட்பட. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். மறுநாள் என்ன வேலை, எந்த இடம், என்ன அளவு என்று இரவே இருவரும் உட்கார்ந்து எழுதிவிடுங்கள். அதில் இல்லாத கேள்விக்கு ஆட்களிடம் "அவர் வந்ததும் சொல்றேன்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள் வீட்டு வேலையைப் பற்றிப் பேசவே கூடாது என்றும் வைத்துக்கொள்ளலாம். நாங்கள் வெள்ளிக்கிழமை அப்படி வைத்திருந்தோம், கோயிலுக்குப் போய்விட்டு வெளியே சாப்பிட்டு வருவோம்.

உங்கள் மகனுக்கு விடியற்காலை நாலரை முதல் ஏழு வரைதான் அமைதியான நேரம். ஒன்பது மணிக்கு மிஷின் ஓடத் தொடங்கிவிடும். விடுமுறை நாட்களில் நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு அனுப்புங்கள், மதுரைக்காரர்களுக்கு அது பெரிய வசதி. பொதுத்தேர்வு நடக்கும் மார்ச், ஏப்ரலில் உடைக்கும் வேலை, வெட்டும் வேலை எதுவும் வேண்டாம் என்று இப்போதே மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள். பெயிண்ட், குழாய் மாட்டுவது போன்ற சத்தமில்லாத வேலைகளை அந்த நாட்களுக்கு ஒதுக்கலாம். ரேஷன் கார்டு, பத்திரம், ஹால் டிக்கெட், மருந்துச் சீட்டு எல்லாம் ஒரே டிரங்குப் பெட்டியில் அந்த முடிந்த அறையில் இருக்கட்டும்.

வேலை நின்றிருக்கும் காலத்தில் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. திறந்து கிடக்கும் கழிவுநீர்க் குழாய் வாய்களை மூடி போட்டோ, துணிப்பந்தை வைத்து மேலே பாலித்தீன் கட்டியோ அடையுங்கள். எலியும் கரப்பானும் அதன் வழியாகத்தான் வரும், கல்லும் மண்ணும் விழுந்து அடைத்தால் பின்னால் தரையையே உடைக்க வேண்டி வரும். மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளுக்குச் சிமெண்ட் பால் பூசுங்கள், முனைகளில் பழைய பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து வையுங்கள். மீதி சிமெண்ட் மூட்டைகளைத் தரையிலும் சுவரிலும் படாமல் பலகை மேல் அடுக்கித் தார்ப்பாய் போடுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் ஆன சிமெண்ட்டைக் கான்கிரீட்டுக்குப் பயன்படுத்த விடாதீர்கள், கட்டி தட்டியிருந்தால் எதற்குமே வேண்டாம். சுவரைப் பூசி மூடும் முன், உள்ளே போகும் பைப்பையும் வயரையும் பக்கத்தில் அளவு டேப்பைப் பிடித்து போட்டோ எடுத்து வையுங்கள். பத்து வருடம் கழித்து ஆணி அடிக்கும்போது அந்தப் போட்டோ உதவும்.

கடைசியாக உங்கள் மாமியார். இரவில் எழுந்து பாத்ரூமுக்குப் போகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய மொசைக் மேலேயே டைல்ஸ் ஒட்டியதால் ஹால் தரை 2 அங்குலம் உயர்ந்து, பாத்ரூம் வாசலில் புதிதாக ஒரு படி விழுந்திருக்கிறது. நாற்பது வருடம் சமமாக நடந்த கால் அந்தப் படியை எதிர்பார்க்காது. அந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் பழைய நடை திரும்புவது கடினம். இன்றைக்கே படியின் விளிம்பில் மஞ்சள் டேப் ஒட்டி, வழியில் இரவு முழுக்க எரியும் சிறிய விளக்கு ஒன்றை மாட்டிவிடுங்கள். திங்கட்கிழமை கொத்தனார் வந்தால், அவர் கையில் என்ன வேலை இருந்தாலும் அதை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் 2 அடி நீளத்துக்குச் சரிவு போடச் சொல்லுங்கள். மேல்பரப்பை வழவழவென்று தேய்க்காமல் சொரசொரப்பாக விட வேண்டும், பக்கத்துச் சுவரில் ஒரு கைப்பிடியும் மாட்ட வேண்டும். இருப்பது ஒரே பாத்ரூம் என்பதால் வாசலின் பாதி அகலத்துக்கு மட்டும் முதலில் போட்டு, அதன் மேல் யாரும் மிதிக்காமல் ஒரு நாற்காலியை வைத்து மறைத்துவிடுங்கள். அந்த இரண்டு நாளும் இரவில் அவர் எழுந்தால் யாராவது ஒருவர் கையைப் பிடித்து அழைத்துப் போகட்டும். அது இறுகியதும் மறு பாதியைப் போட்டுக்கொள்ளலாம்.